ஊருக்குப் பணம் அனுப்புமுன்: மக்கள்தொகைப் பட்டியலைப் பார்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கும் மற்ற இடங்களில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நாம் அனுப்பும் பணத்தில் ஊரில் கட்டுவது நூலகமா, குடிநீர்த் தொட்டியா என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொரு மக்கள்தொகை சொல்கிறோம். பெரும்பாலும் ஒருவர் வருவாய்க் கிராமத்தை (நிலப் பதிவேட்டில் எல்லை குறித்த ஊர்) சொல்வார், மற்றவர் ஊராட்சியைச் சொல்வார். சென்சஸ் எண்ணுவது வருவாய்க் கிராமத்தை. குக்கிராமம், காலனி, பட்டி எதற்கும் தனி வரி கிடையாது. தாய்க் கிராமத்தோடு சேர்ந்துவிடும்.

பார்க்க வேண்டியது 2011 சென்சஸின் மாவட்டக் கையேடு. முதல் பகுதியில் பள்ளி, சாலை, தண்ணீர் வசதி. இரண்டாம் பகுதியில் ஆள் கணக்கு. ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் சிக்காது, ஆறு இலக்கக் கிராம எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டத்திலும் கவனம் வேண்டும். தாத்தாவின் கப்பல் காகிதத்தில் ராமநாதபுரம் என்றிருந்தால் ஊர் இன்று சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம், 1985-இல் பிரிந்தவை அவை. கள்ளக்குறிச்சி 2019-இல்தான் வந்தது. அந்த ஊர்களை விழுப்புரம் கையேட்டில் தேடுங்கள்.

எழுத்தறிவில்தான் அதிகம் தவறுகிறோம். 6 வயது வரையான பிள்ளைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஊரில் 1,200 பேர், அதில் பிள்ளைகள் 120, எழுத்தறிந்தவர் 756 என்றால் விகிதம் 63 அல்ல, 70. மாநில அளவு 80.09 சதவீதம், அதோடு ஒப்பிட இந்த 70-ஐத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது ஆண் பெண் விகிதம். தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள், புதுக்கோட்டையிலோ 1,015. பெண் பிள்ளைகள் அதிகம் பிறக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கெடுத்த நாட்கள் முழுக்க வெளியில் இருந்தவர் பட்டியலில் வரமாட்டார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைக்கிற நம் பையன்கள் அந்த வரியில் இல்லை. பிள்ளைப் பிறப்பின் நிலை தெரிய 0 முதல் 6 வயது விகிதத்தைத் தனியாகப் பாருங்கள்; மாநிலத்தில் அது 943. இது வருத்தப்பட வேண்டிய எண்.

வருடத்தில் 6 மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் 'குறுகிய காலத் தொழிலாளர்'. நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் போகும் அக்காமார் இதில்தான் விழுவார்கள். அந்தக் கட்டம் பெரிதாக இருந்தால் ஊரில் நிலையான வேலை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதிக் கட்டத்தில் கிறிஸ்தவர்கள் சேரமாட்டார்கள். காலனியில் பார்க்கும் கூட்டத்தைவிட எண் குறைந்திருந்தால் இதுவும் ஒரு காரணம்.

இத்தனை இருந்தும் முதியோர் எத்தனை பேர் என்று கிராம வரியில் கிடைக்காது. அதற்கு வாக்காளர் பட்டியலை எடுங்கள்: வீட்டு எண், வயது, ஆணா பெண்ணா எல்லாம் இருக்கும். 60-ஐத் தாண்டியவர்களைக் கோடிட்டு எண்ணலாம். ஆனால் இறந்தவர், கட்டிக்கொடுத்துப் போன பெண் ஆகியோரின் பெயர்கள் நீக்காமல் கிடக்கலாம். அதை அப்படியே நம்பி எண்ணக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடிப் பதிவேடு போதும்.

2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். கிராமத்து எண்கள் நம் கைக்கு வர அதற்குமேலும் நாளாகும். தொட்டியின் அளவை 2011 எண்ணை வைத்து முடிவு செய்வது சரியில்லை. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் வாக்காளர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வீடு மூன்றே கேள்வி கேட்டு வாருங்கள்: ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர் எத்தனை பேர், 60 தாண்டியவர் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள். பூட்டிய வீட்டையும் குறித்து வாருங்கள்.