எலக்ட்ரானிக்ஸ் பழக முதலில் என்ன வாங்குவது?

கேள்வி: எல்இடி எரியவிடுவது, சின்ன டைமர் சர்க்யூட் போடுவது, இவ்வளவுதான் இப்போதைக்கு. 500 பாகங்கள் கொண்ட கிட் தேவையா? பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் உடனே வேண்டுமா?

பதில் 1: கிட் வேண்டாம், பாதி தூங்கும். 830 துளை பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை), அதில் இணைக்க ஜம்பர் வயர், வோல்டேஜ், கரன்ட் அளக்க மல்டிமீட்டர் போதும். ரெசிஸ்டரில் 330 ஓம், 1கே, 10கே, 100கே தலா 20. 10, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிசி547 டிரான்சிஸ்டர், டைமருக்கான 555 ஐசி தலா 5. சிவப்பு எல்இடி 10. 5 வோல்ட்டில் 330 ஓம் போட்டால் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் எல்இடி போச்சு.

பதில் 2: சில பிரெட்போர்டுகளில் ஓரத்து பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். 'பாதி சர்க்யூட் வேலை செய்யலை' என்ற புலம்பலுக்கு பல நேரம் இதுதான் காரணம். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் அமைப்பு) வைத்துப் பாருங்கள், பீப் வராவிட்டால் ஒரு வயரால் இணையுங்கள்.

பதில் 3: மீட்டரில் கரன்ட் அளந்ததும் சிவப்பு புரோபை (அளக்கும் வயர்) வோல்டேஜ் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து வோல்டேஜ் பார்த்தால் அது நேரடி ஷார்ட், ஃப்யூஸ் போகும். எலக்ட்ரோலிட்டிக் (பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்து மாட்ட வேண்டிய உருளை வகை) கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். திருப்பி மாட்டினால் வெடிக்கலாம். அயர்ன் பிறகு வாங்கலாம். வெப்பம் மாற்றக்கூடியதாக, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள 0.8 மி.மீ. சால்டர் ஈயக் கம்பியோடு.