ஃபுஜிகாவா மாரு: போர்க்காலப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ஃபுஜிகாவா மாரு என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பலின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். 1938-இல் நாகசாகியில் மிட்சுபிஷி கட்டியது. 1940 டிசம்பரில் ஜப்பானியக் கடற்படை இதை எடுத்துக்கொண்டு, விமானம் ஏற்றிச் செல்லும் கப்பலாக மாற்றியது. 1943 செப்டம்பரில் அமெரிக்க நீர்மூழ்கி பெர்மிட் விட்ட டார்பிடோவில் அடிபட்டும் தப்பியது. 1944 பிப்ரவரியில், பசிபிக் கடலில் உள்ள ட்ரக் காயலில் (இன்றைய மைக்ரோனேசியாவின் சூக்) அமெரிக்கர்கள் நடத்திய விமானத் தாக்குதலில்தான் மூழ்கியது. இன்றும் அங்கே நிமிர்ந்தே நிற்கிறது, சரக்கறையில் ஜீரோ என்ற ஜப்பானியப் போர் விமானங்களின் உடற்பகுதிகளோடு.

முன்பக்கத்து பீரங்கியில் பொறித்திருக்கும் ஆண்டு 1899! ஏதோ பழைய போர்க்கப்பலில் இருந்து கழற்றி மாட்டியிருப்பார்கள் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிடைப்பதெல்லாம் கடலுக்கடியில் பவளம் மூடிய படங்கள்தான். அதை வைத்து நிறம் சொல்லவே முடியாது. 1941 முதல் 1943 வரை எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். இறக்கை கழற்றிய விமானங்களை உள்ளே எப்படி அடுக்கிக் கட்டினார்கள் என்பதற்கு வரைபடம் கிடைத்தால் ரொம்ப உதவியாக இருக்கும். அப்புறம், ஜப்பானிய மொழி வாசிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா? தளவரைபடத்தில் சில குறிப்புகளைப் படித்துச் சொல்ல வேண்டும். இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, அதனால் அவசரமில்லை.