500 ரூபாய்க்குள் வாங்கி, ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கிற பொருட்கள்: சென்னை வீட்டுக்கு எவை?

பள்ளிக்கரணை_ஃப்ளாட்:
போர் தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் ஒரே சம்பில் கலந்துதான் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் மேல் டேங்க்குக்கு ஏறுகிறது. குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. கெய்சர் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஃபேன்கள் எல்லாம் அஞ்சில் வைத்தாலும் மூணில் வைத்த மாதிரி சுற்றுகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதற்கு முன்னால் கேட்கிறேன்: 500 ரூபாய்க்குள் எதை வாங்கினால் பெரிய செலவு உண்மையிலேயே தள்ளிப்போகும்? பொருளின் பெயரோடு என்ன அளவு, எப்படி மாட்டுவது, எங்கே தப்பு நடக்கும் என்றும் சொன்னால் நல்லது.

உப்புத்தண்ணி:
முதலில் டி.டி.எஸ். மீட்டர், அதாவது தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற கருவி. பேனா சைஸில் இருக்கும், சுமார் 200–300 ரூபாய். உங்களுடையது மாதிரி கலப்புத் தண்ணீர் வருகிற வீட்டில் இது இல்லாமல் எடுக்கிற எந்த முடிவும் குருட்டு முடிவுதான்.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. மீட்டரில் வருகிற பி.பி.எம். எண்ணை அப்படியே இதோடு ஒப்பிடலாம். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஏரித் தண்ணீர், வீராணம், நெம்மேலியிலிருந்து வருகிற கடல்நீர் சுத்திகரிப்புத் தண்ணீர் என்று மெட்ரோ வாட்டரின் மூலம் மாறும். சம்பில் போர் தண்ணீரின் பங்கும் கோடையில் ஏறும், ஐப்பசி மழைக்குப் பிறகு இறங்கும். மே மாதம் ஒரு அளவு, டிசம்பரில் ஒரு அளவு எழுதி வையுங்கள்.

இதன் பெரிய பயன் ஆர்.ஓ. மெம்பரேனை, அதாவது குடிநீர் சுத்திகரிப்பு மெஷினில் உப்பைத் தடுக்கிற சவ்வைச் சோதிப்பது. உள்ளே போகிற தண்ணீரின் அளவிலிருந்து வெளியே வருகிற அளவைக் கழித்து, உள்ளே போகிற அளவால் வகுத்தால் எத்தனை சதவீதம் உப்பைத் தடுக்கிறது என்று தெரியும். உள்ளே 1200, வெளியே 90 என்றால் 92.5 சதவீதம், மெம்பரேன் நன்றாக இருக்கிறது. 80-ஐ நெருங்கினால் மாற்றலாம். சர்வீஸுக்கு வருகிறவர் "மெம்பரேன் போயிடுச்சு" என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இந்த மீட்டர் மின்கடத்தும் திறனைத்தான் அளக்கிறது. கிருமி, சாக்கடைக் கலப்பு எதையும் காட்டாது. 150 காட்டுகிறது என்பதற்காகக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. அளந்து முடித்ததும் முனையை நல்ல தண்ணீரில் அலசி உதறி வையுங்கள். உப்பு காய்ந்து ஒட்டினால் அடுத்த அளவு தப்பாகக் காட்டும்.

பழுது_பெட்டி:
ஃபேனுக்கு வருகிறேன். எல்லா ஃபேனும் சேர்ந்து மெதுவாக ஓடினால் முதலில் வோல்டேஜ் குறைகிறதா என்று பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் வேகம் வித்தியாசப்பட்டால் வோல்டேஜ் பிரச்சினை. எந்நேரமும் ஒரே மாதிரி மந்தம் என்றால் கண்டென்சர்தான் (மோட்டார் சுற்ற உதவுகிற சின்னப் பாகம், கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள்). விலை 40–70 ரூபாய். இதற்காகப் புது ஃபேன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது.

பெரும்பாலான சீலிங் ஃபேனில் 2.5 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபேரட், கண்டென்சரின் அளவு), 440 வோல்ட் ஏ.சி. கண்டென்சர் இருக்கும், சிலவற்றில் 2.25 அல்லது 3.15. பழையதின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து அதே அளவு வாங்குங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவு போட்டால் காயில் சூடாகி எரியும். 40 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 600 ரூபாய் ரீவைண்டிங் செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

மெயின் போர்டில் இருக்கிற எம்.சி.பி.யை அணையுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சில பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்தாலும் ஃபேன் வயரில் கரண்ட் இருக்கும். மேல் கப்பை இறக்கினால் கண்டென்சர் தெரியும். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள், வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் அதன் இரண்டு முனையையும் ஒரு தடவை தொட்டு, தேங்கியிருக்கிற மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுக் கை வையுங்கள். புதியதில் இரண்டு வயருக்கும் பிளஸ், மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் சரி. இணைப்பை இறுக்கி டேப் சுற்றி, கப்பை ஏற்றும்போது வயர் நசுங்காமல் பாருங்கள்.

சுவிட்ச் போட்டதும் உறுமிக்கொண்டு நின்று, கம்பால் இறக்கையைத் தள்ளினால் ஓடுகிறது என்றால் கண்டென்சர் முழுக்கச் செத்துவிட்டது. கரண்டை நிறுத்திக் கையால் சுற்றினாலே இறுக்கமாக இருந்தால் பேரிங். 1-லிருந்து 4 வரை ஒன்றும் நடக்காமல் 5-ல் மட்டும் முழு வேகம் என்றால் ரெகுலேட்டர். ரிமோட்டோடு வருகிற பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் இந்தக் கண்டென்சர் கிடையாது.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருப் பக்கம் போனால் கண்டென்சரின் அளவை (கெப்பாசிட்டன்ஸ்) அளக்கிற மல்டிமீட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். 2.5 எழுதியது 2.2-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம்.

கெய்சர்_அண்ணாச்சி:
தம்பி, கெய்சருக்கு நாலு வருஷம் என்றால் இன்றைக்கே கவனிக்க வேண்டியது ஆனோட் ராடு. 250–500 ரூபாய்க்குள் கிடைக்கும். இரும்பு டேங்க்கில் கண்ணாடிப் பூச்சு பூசிய கெய்சரில் மக்னீசியம் கம்பி ஒன்று உள்ளே நிற்கும். பூச்சில் முடி அளவு விரிசல் இருந்தாலும் உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்னும். மக்னீசியம் அதைவிடச் சீக்கிரம் கரையும் என்பதால், அது இருக்கிற வரை இரும்பு பிழைக்கும். கம்பி தீர்ந்த பிறகுதான் டேங்க் ஓட்டையாகும். ஓட்டையான டேங்க்குக்கு வைத்தியம் இல்லை, புது கெய்சர்தான். கோடையில் நீங்கள் சுவிட்சே போடாமல் இருந்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கிறவரை கம்பி கரைந்துகொண்டேதான் இருக்கும். போர் தண்ணீர் வீட்டில் வருஷம் ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும்.

வாரன்ட்டி இன்னும் இருந்தால் நீங்களே திறக்காதீர்கள், கம்பெனி ஆளைக் கூப்பிட்டு ஆனோடை மாற்றச் சொல்லுங்கள். முடிந்திருந்தால் இப்படிச் செய்யலாம். எம்.சி.பி. ஆஃப். தண்ணீர் ஆறட்டும். இன்லெட் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, இன்லெட் ஹோஸைக் கழற்றி டேங்க்கை முழுக்க வடியவிடுங்கள். 15 லிட்டர் கெய்சர் என்றால் 15 லிட்டரும் வரும், பக்கெட் தயாராக இருக்கட்டும். அடி மூடியைத் திறந்து, வயர்களைப் படம் எடுத்துக் கழற்றி, எலிமென்ட்டைத் தாங்குகிற வட்டத் தகட்டின் (ஃப்ளாஞ்ச்) நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்துங்கள். எலிமென்ட்டும் ஆனோடும் சேர்ந்து வெளியே வரும். கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால், அல்லது நடு இரும்பு தெரிந்தால், மாற்றுங்கள். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். மரை அளவும் நீளமும் ஒத்துப்போக வேண்டும்.

எலிமென்ட்டில் சுண்ணாம்பு மாதிரி கட்டியிருக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள். மளிகைக் கடை எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) லிட்டருக்கு 100 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கம்பிச் சுருள் பகுதியை மட்டும் ஓரிரு மணி நேரம் முக்கிவைத்தால் இளகி விழும். மின்சார முனைகள் நனையவே கூடாது. பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், எலிமென்ட்டின் மேலுறையை அரித்துவிடும்.

மாட்டும்போது ரப்பர் கேஸ்கெட் புதுசு போடுங்கள், பழையது சில நாளில் சொட்டும். கடைசியாக முக்கியமானது: சுடுதண்ணீர்க் குழாயில் காற்று முழுக்கப் போய் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்ச். காலி டேங்க்கில் சுவிட்ச் போட்டால் எலிமென்ட் நொடிகளில் கருகிவிடும். தெர்மோஸ்டாட்டை 50–55 டிகிரியில் வைத்தால் உப்புப் படிவதும் குறையும், கரண்ட்டும் மிச்சம்.

மொட்டைமாடி:
குழாய் வாயில் மாட்டுகிற ஏரேட்டர், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுகிற சல்லடை மூடி, 60–150 ரூபாய். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னையில் நிறையப் பேர் மாட்டினார்கள். சாதாரணக் குழாயில் நிமிஷத்துக்கு 10–15 லிட்டர் போகும், ஏரேட்டரில் 3–6 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பார்த்தால் உங்கள் கணக்கு தெரிந்துவிடும். வாஷ்பேசின், சமையலறை சிங்க் இரண்டுக்கும் மட்டும் மாட்டுங்கள். பக்கெட் நிரப்புகிற குழாயில் மாட்டிப் பயனில்லை, பக்கெட்டுக்கு வேண்டிய தண்ணீர் அதேதான், நேரம்தான் கூடும். குழாயில் மரை வெளிப்பக்கம் இருந்தால் பொதுவாக 22 மி.மீ. உள்மரை ஏரேட்டர்; உள்பக்கம் இருந்தால் 24 மி.மீ. வெளிமரை. மரையே இல்லாத குழாய்க்கு இது ஆகாது. உங்கள் தண்ணீருக்கு மாதம் ஒரு தடவை சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கேஸ் அடுப்பு ரப்பர் டியூப். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப் 500-க்குள் முடியும். ஆயுள் 5 வருஷம், தேதி டியூபிலேயே இருக்கும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், மேலே துணி உறை போட்டு மூடவும் வேண்டாம். மாட்டியதும் சோப்பு நுரை தடவி இரண்டு முனையிலும் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்கரணை_ஃப்ளாட்:
எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வாங்கிவிட்டேன். சிங்க் குழாயில் 1180, ஆர்.ஓ. குழாயில் 210 காட்டுகிறது. கணக்குப்படி 82 சதவீதம்தான் வருகிறது. மெம்பரேன் மாற்றுகிற கட்டமா?

உப்புத்தண்ணி:
அவசரப்படாதீர்கள். உங்கள் மெஷினில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னத் திருகு மாதிரி இருக்கும். சுவைக்காக மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலப்பது அதன் வேலை. மெம்பரேன் ஹவுசிங்கிலிருந்து வருகிற மெல்லிய சுத்தநீர் டியூபைக் கழற்றி, முதல் இரண்டு நிமிஷத் தண்ணீரை விட்டுவிட்டு, அங்கேயே அளங்கள். 70, 80 என்று வந்தால் மெம்பரேன் நல்ல நிலையில் இருக்கிறது, கன்ட்ரோலரைக் கொஞ்சம் மூடினால் போதும்.

அங்கேயும் 200-க்கு மேல் என்றால், மெம்பரேனுக்குத் தண்ணீரைத் தள்ளுகிற பூஸ்டர் பம்ப்பின் அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் குறைந்தாலும் உப்பு தாண்டிவிடும். அதுவும் சரியாக இருந்தால் மெம்பரேனை மாற்றுங்கள். கூடவே மெஷினுக்கு வெளியே நின்று மண், தூசியைப் பிடிக்கிற ஸ்பன் ஃபில்டரையும், சுமார் 150 ரூபாய்தான், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கார்பன் ஃபில்டரின் தவணையையும் தவறவிடக் கூடாது. மெட்ரோ வாட்டரில் இருக்கிற குளோரினை அதுதான் பிடிக்கிறது. குளோரின் பட்டால் புது மெம்பரேனும் சீக்கிரம் கெட்டுவிடும்.