அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிய ராத்திரிகள்

எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. அப்பா முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தண்ணீர் லாரி வந்தால் இரண்டு கையிலும் குடத்தோடு நிற்காமல் மேலே வந்துவிடுவார். 2022-இல் ஒருநாள் இரண்டாவது மாடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்போதுதான் அவருக்கு ஏதோ சரியில்லை என்று எங்களுக்கு உறைத்தது.

முதலில் காட்டிய இடத்தில் டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் சாப்பிட்டார். இருமல் நிற்கவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நம் பக்கத்தில் முதலில் டி.பி.யைத்தான் நினைப்பார்கள், சரி. ஆனால் சளியில் கிருமி இல்லை என்று வந்தபோதே ஸ்கேனும், சதையைத் துளி எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸியும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது நுரையீரலைத் தாண்டிப் பரவியிருந்தது.

கீமோ பற்றி நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். கட்டிலில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூல் போட்டு, அதன்மேல் இரண்டு தலையணை வைத்து, அதில் தலையைச் சாய்த்துத்தான் தூங்குவார். அம்மா கீழே பாயில் படுத்து அவர் காலைப் பிடித்துக்கொண்டே கிடப்பார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று ஒருநாள் ஊசி வைத்து எடுத்தார்கள். அன்று ராத்திரி மல்லாந்து படுத்தார். பத்து நாளில் மறுபடி கோத்துக்கொண்டது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காதான் எங்களுக்கு வழி காட்டினார். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைக்கச் சொன்னார். காற்று மூக்கிலும் கன்னத்திலும் பட்டால் மூச்சுத் திணறுகிற உணர்வு குறையும். சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடப் பழக்கினார்.

பெரியாஸ்பத்திரியில் மார்பின் என்ற கடுமையான வலி மருந்தை எழுதிக்கொடுத்தபோது அம்மா அழுதுவிட்டார். "ஆள முடிக்கிறதுக்குத்தானே இத குடுக்குறாங்க?" என்றார். சரியான அளவில் கொடுத்தால் ஆயுசு குறையாது, வலியும் மூச்சுத் திணறலும் தணியும் என்று டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு நாள் தூக்கமாகவே இருந்தார் அப்பா. மூன்றாம் நாள் எழுந்து நெத்திலிக் குழம்பு கேட்டார். காசிமேட்டுக்கு ஓடினேன். நாலு வாய்தான் சாப்பிட்டார், ஆனால் அவரே பிசைந்து சாப்பிட்டார். ஒன்று மட்டும் கவனம்: மார்பின் தொடங்கும் அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்காமல் விட்டு, ஒரு வாரம் அவர் பட்ட பாடு பெரிய பாடு.

2010-இல் பாஸ்டனில் ஓர் ஆய்வு வெளியானது. பரவிய நுரையீரல் புற்றுநோய்க்கு ஆரம்பத்திலேயே தணிப்பு சிகிச்சையும், அதாவது வலி, மூச்சுத் திணறல் போன்ற கஷ்டங்களைக் குறைக்கிற சிகிச்சையும், சேர்த்துப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள், ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம் என்று வந்தது. படித்தபோது வயிறு எரிந்தது. எங்களுக்கு அந்தச் சிகிச்சை ஏழாவது மாதத்தில்தான் கிடைத்தது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தோம். நீங்கள் முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பீடி பிடிப்பாரா?" என்றுதான் கேட்டார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பீடியே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. தொட்டவராகவே இருந்தாலும் மூச்சு வாங்குகிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது?

கடைசி மாதத்தில் தெருவைப் பார்க்க வேண்டும் என்றார். பக்கத்து பிளாக் பையன்கள் நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்க விட்டுக் கீழே கொண்டுபோனார்கள். வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குடம் தூக்கிக்கொண்டு போன ஒரு பையனைக் கூப்பிட்டு, "தோள்ல வைக்காதடா, இடுப்புல வை" என்றார்.