'மாற்றுச் சுடல்' சரியா? ஒரு கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

மட்பாண்டப் பயிலரங்குக்குக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மின்சூளை இல்லாமல் குழியில் மரத்தூளும் வறட்டியும் போட்டு மூடிச் சுடுவது, ஜப்பானியச் சுடுமுறையான ராக்கு எல்லாவற்றையும் சேர்த்து 'ஆல்டர்நேட்டிவ் ஃபயரிங்' என்கிறார்கள். இதைத் தியானமாகவே கற்றுத்தருகிறோம். தீ மூட்டியபின் இரவு முழுக்கக் குழியைத் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் பாண்டம் விரிசல் விடும். எந்த இடத்தில் என்ன நிறம் ஏறும் என்பது நம் கையில் இல்லை. 'மாற்றுச் சுடல்' எனலாமா?

மறுமொழி:
சுடல் என்றதும் சுடலைதான் நினைவுக்கு வருகிறது ஐயா. புறநானூறு 228இல் ஐயூர் முடவனார் 'கலஞ்செய் கோவே' என்று குயவரை விளிக்கும்போதே, இருள் திரண்டாற்போன்ற புகை வானில் போய் ஊன்றும் சூளையைச் சொல்லிவிட்டார். சுள்ளென்ற வெயில், சுள்ளி, சூளை எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. அகராதியில் சூளை என்ற பொருளிலேயே 'சுள்ளை'யும் உண்டு. அதையே மீட்டெடுப்போம். அப்புறம், தியானம் வேண்டாம், ஊழ்கம் என்று எழுதுங்கள்.

மறுமொழி:
ஊழ்கம் என்றால் வகுப்பில் பாதிப் பேர் ஊழ்வினையா என்று கேட்பார்கள். தியானமே இருக்கட்டும். எனக்கு உறுத்துவது 'மாற்று'. அய்யனார் குதிரைகளை வைக்கோல் மூடி, சேறு பூசித்தானே சுடுகிறார்கள்? ஆதிச்சநல்லூர்க் கருப்பு-சிவப்புப் பானையின் கருப்பும் காற்றுப் புகாமல் சுட்டதால் வந்ததுதான். நமக்கு மின்சூளைதான் மாற்று. 'புகைச்சூளை' போதும்.

மறுமொழி:
குழிக்குப் பொருந்தும், ராக்குவுக்குப் பொருந்தாது. 16ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவுக்காகக் குயவர் சோஜிரோ செய்த கருங்கிண்ணங்களுக்குப் புகையூட்டல் கிடையாது. தணலாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து ஆறவிடுவதுதான் அந்த முறை. இலைதழைக்குள் போட்டுப் புகையூட்டுவது 1960இல் அமெரிக்கர் பால் சோல்ட்னர் தொடங்கியது. ராக்கு அப்படியே இருக்கட்டும். 'ரகு' என்று மட்டும் எழுதாதீர்கள், ஆள்பெயர் ஆகிவிடும்.

மறுமொழி:
குழியில் சுவரே இல்லையே, அது எப்படிச் சூளையாகும்?

அன்புள்ள குழுவினருக்கு,

இன்று எங்கள் ஊர்க் குயவர், வேளார் ஒருவரிடம் கேட்டேன். திறந்தவெளியில் அடுக்கிச் சுட்டாலும் 'சூளை போடுறோம்' என்றுதான் சொல்கிறார். ஆகவே குழிக்குப் புகைச்சூளை, ராக்குவுக்கு ராக்கு. இரண்டுக்கும் பொதுச்சொல் அமையவில்லை. இயல்கள் தனித்தனியாகவே போகின்றன. எல்லோருக்கும் நன்றி.

மறுமொழி:
சரி, அச்சுக்குப் போகட்டும். ஆனால் சுள்ளையை நான் விடுவதாக இல்லை ஐயா. அடுத்த பதிப்பு எப்போது?