மலைக்கு மின்சாரப் பேருந்து சரிப்பட்டு வருமா?

கோத்தகிரிக்காரன்:
சென்னையில் 2025 ஜூனில் 120 மின்சாரப் பேருந்து விட்டார்கள். நம்ம நீலகிரி மலைக்கு எப்போது? டீசல் வண்டி ரெண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது விடுகிற புகையைப் பற்றி, பின்னால் பைக்கில் வருகிறவனைக் கேட்டால் தெரியும். ஆனால் இந்த ஏற்றத்துக்கு பேட்டரி தாங்குமா?

குன்னூர் மெக்கானிக்:
தாங்கும் தம்பி. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஆட்களோடு 15 டன் வண்டி என்று வைத்துக்கொண்டால், அதை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 80 யூனிட், டயர் உராய்வு, மோட்டார் இழப்பு எல்லாம் தனி. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வேலை செய்து ஒரு பங்கைத் திருப்பித் தரும், பிரேக்கும் அவ்வளவாகச் சூடாகாது. ஒரே விஷயம், ஊட்டியில் முழுசாக சார்ஜ் போட்டு இறக்கக் கூடாது, திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடமிருக்காது. முழு சார்ஜ் கீழேதான். இமாச்சலில் 2017லேயே மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய்க்கு, அதாவது 3,900 மீட்டருக்கு மேல், மின்சாரப் பேருந்து ஏறிவிட்டது.

எஸ்டேட் அக்கா:
கணக்கெல்லாம் சரி. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு சாயங்காலம் ஒரே ஒரு பஸ், அது வராவிட்டால் ஜீப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் போகணும். புது வண்டியை ஊட்டி மெயின் ரோட்டிலேயே ஓட்டாமல், சின்ன வண்டியாக எஸ்டேட் பக்கமும் விடச் சொல்லுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
நியாயம் அக்கா. பஸ் கேட்டு நாம் எழுதுகிற மனுவில் முதல் வரியே அதுதான்.