ரஜாய்க்குள்ள கட்டிங் வேஸ்ட் பஞ்சா, பாட்டில் பைபரா?

மார்கழிப் போர்வை:
60-க்கு 90 இஞ்ச் சிங்கிள் ரஜாய் (உள்ள பஞ்சு ஷீட் வெச்சுத் தெக்கற கனத்த போர்வை) தெக்கப் போறேன், மொத்தம் 40 உருப்படி. மேலயும் கீழயும் சென்னிமலை காட்டன், அடிப்பக்கம் வெள்ளை. உள்ள வெக்க ரெண்டு ஷீட் கெடைக்குதுங்க. ஒண்ணு திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டைப் (பனியன் வெட்டுத் துண்டு) பிரிச்சு நீடில் பஞ்ச் அடிச்சது (ஊசியால குத்தி இழையைப் பின்ன வெச்சது), 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). இன்னொண்ணு பெட் பாட்டில் பைபர், ஓவன்ல ஒட்டுனது, 150 ஜி.எஸ்.எம். ரெண்டையும் ரீசைக்கிள்னுதான் விக்கறாங்க. வாஷிங் மிஷின்ல போட்டாலும் தாங்கோணும். எதை எடுக்கறதுங்க?

கரூர் மேட்அப்ஸ்:
பாட்டில் பைபர். யோசிக்கவே வேண்டாம்.

உங்க அளவு 3.48 சதுர மீட்டர். கட்டிங் வேஸ்ட் பருத்தி ஷீட் ஒரு ரஜாய்க்கு 700 கிராம் வரும், பாலி, அதாவது பாட்டில் பைபர் ஷீட், 520 கிராம்தான். காஞ்சப்ப இருக்கற இந்த வித்தியாசம் பெருசில்ல, நனைஞ்சப்பதான் தெரியும். பருத்தி தண்ணியைக் குடிச்சுக் கனத்துரும். கொடியில போட்டா தன் கனத்துலயே பஞ்சு கீழ இறங்கி ஓரத்துல சேந்துக்கும். அதுவும் கட்டிங் வேஸ்ட்டைக் கிழிக்கற மிஷின்ல வுட்டா இழை பாதிக்கு மேல 15 மி.மீ. கூடத் தேறாது. பாட்டில் பைபர் 51, 64 மி.மீ.னு வெட்டியே வருது. நீளமே இல்லாத இழை எதைப் புடிச்சுங்க நிக்கும்?

ஊசிமுனை:
தையலைப் புடிச்சு நிக்குமுங்க. அதுக்குத்தான மூணு அடுக்கையும் சேத்துக் கட்டம் கட்டமா குயில்ட் அடிக்கறது? கட்டிங் வேஸ்ட் ஷீட்டுக்கு 3 இஞ்ச் கட்டம் போடுங்க, மிஞ்சிப் போனா 4. அடியில மெல்லிசா ஸ்கிரிம் வலை வெச்சுப் பஞ்ச் அடிச்ச ஷீட்டுன்னா 6, 8 வரைக்கும் போகலாம். பஞ்சு ஓரத்துல சேர்ற ரஜாயைப் பிரிச்சுப் பாருங்க, 10, 12 இஞ்ச்சுக்கு ஒரு தையல் ஓட்டியிருப்பாங்க.

பாலி ஷீட்டுல நீங்க சொல்லாம வுட்டது இஸ்திரி. அந்த ஷீட்டை ஒட்டி வெச்சிருக்கறது லோ மெல்ட் பைபர், 110 டிகிரியில இளகிரும். காட்டன் சூட்டுல இஸ்திரிப் பெட்டி 200 டிகிரிக்குப் பக்கம் நிக்கும். சென்னிமலைத் துணி துவைச்சதும் சுருக்கம் விழும், ஆராவது ஒருநாள் தேய்ப்பாங்க. தேய்ச்ச எடமெல்லாம் அப்பளமாட்ட அமுங்கிப் போகும், அப்பறம் எழும்பாது.

கரூர் மேட்அப்ஸ்:
ரஜாயை எவனுங்க தேய்க்கறான்?

ஊசிமுனை:
ஓரத்துக்குப் பைப்பிங் பட்டி அடிக்கறப்ப டெய்லரே தேய்ப்பாருங்க. அடிக்கு அடி நிறுத்தித் தேய்ச்சாத்தான் மூலை சரியா உக்காரும்.

வெள்ளகோவில் ஓ.இ.:
ரெண்டு பேரும் ஷீட்டை மட்டும் பாக்கறீங்க. அதுக்குள்ள என்ன போகுதுன்னு பாக்கோணும்.

திருப்பூர் கிளிப்புல (கட்டிங் வேஸ்ட்டைத்தான் அப்படிச் சொல்றது) நல்லது, அதாவது ஒரே கலர், நூறு சதம் காட்டன், லைக்ரா இல்லாதது, முதல்ல ஓ.இ. மில்லுக்குத்தான் (ஓப்பன் எண்ட், குட்டை இழையை நூலாக்கற மில்லு) போகும். அதை நூலா ஓட்டி 10-ஆம் நம்பர், 20-ஆம் நம்பர்னு வித்தாத்தான் காசு. ஷீட் போடறவங்களுக்கு வந்து சேர்றது பெரும்பாலும் அதுக்கு அடுத்த தரம்: கலப்புக் கலர், லெக்கின்ஸ் வெட்டு, ரிப், தையல் நூல் கலந்தது. வம்பே லெக்கின்ஸ் வெட்டுலதான். அதுல 5 சதம் லைக்ரா இருந்தாப் போதும். கிழிக்கற சிலிண்டர்ல அது பிரியாது, ரப்பராட்ட இழுத்துட்டுச் சுருண்டுக்கும். அதைச் சுத்திப் பஞ்சும் சேந்து உருண்டை கட்டும். ஷீட்டுல அது மொச்சை மொச்சையா நிக்கும். ஊசி அதுல பட்டா வெலகும், தையல் தாண்டும், சில சமயம் ஊசியே ஒடியும்.

வாங்கறதுக்கு முந்தி இதைச் செய்யுங்க. ஒரு மீட்டர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிர்ல தூக்கிப் புடிங்க. மேகமாட்ட திட்டுத் திட்டாத் தெரிஞ்சா எடை ஒரே சீரா இல்லைன்னு அர்த்தம். 10-க்கு 10 செ.மீ. சதுரமா அஞ்சு எடத்துல வெட்டி, நகை தராசுல போடுங்க. 200 ஜி.எஸ்.எம்.னா ஒவ்வொண்ணும் 2 கிராம் நிக்கோணும். 1.6-ம் 2.4-ம் மாறி மாறி வந்தா அந்த ரோலைத் தொடாதீங்க. அப்பறம் ஒரு கொத்தைப் பிச்சுக் கொளுத்துங்க. காகிதம் எரிஞ்ச வாசத்தோட சாம்பல் பொடிஞ்சா பருத்தி. கருப்பா குண்டு கட்டுனா உள்ள பாலியெஸ்டர் இருக்குது. காந்தத்தையும் ஒருக்கா ஓட்டிப் பாருங்க, குண்டூசியும் ஒடஞ்ச ஊசியும் கட்டிங் மூட்டையில வராத நாள் இல்ல. இவ்வளவுலயும் தேறுனா ஷீட் எடுக்கலாம். தேறாட்டி நானும் பாட்டில் பைபர் கட்சிதான்.

நொய்யல்கரை:
கட்சி மாறறதுக்கு முந்தி இதையும் பாருங்ணா. பெட் பாட்டில் திரும்ப பாட்டிலாவே ஆகற சரக்கு. அதை ரஜாய்க்குள்ள அடைச்சா, அந்த ரஜாய் கிழிஞ்ச பொறவு நேரா குப்பைதான், திருப்பி எடுக்க ஆளில்ல. ஒவ்வொரு துவைப்புக்கும் நுண் இழை வேற தண்ணியில போகும். கட்டிங் வேஸ்ட்டுல சாயம் ஏற்கனவே ஏறியிருக்குது, புதுசா முக்க வேண்டியதில்ல. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, சாயத்தண்ணி நொய்யல் ஆத்துல கலந்ததாலதான்னு இங்க தெரியாதவங்க இல்ல. முக்காம வுட்ட ஒவ்வொரு கிலோவும் ஆத்துக்கு மிச்சம்.

கரூர் மேட்அப்ஸ்:
உள்ள போற பஞ்சுக்கு எவன் சாயம் போடறான்? புதுப் பஞ்சு வெச்சாலும் வெள்ளையாத்தான் வெப்பாங்க. ஓ.இ. நூலுக்கு உங்க கணக்கு சரி. ரஜாய்க்குப் பொருந்தாது.

நொய்யல்கரை:
சரிங்க, அதை ஒத்துக்கறேன். பாட்டில் கணக்கு நிக்குது.

கரூர் மேட்அப்ஸ்:
இன்னொண்ணு, ரெண்டு கட்சிக்கும் சேத்தே சொல்றேன். 'ஜி.ஆர்.எஸ். பஞ்சு'ன்னு (மறுசுழற்சிச் சரக்குக்குக் குடுக்கற உலகச் சான்று) சொன்னா மயங்காதீங்க. 20 சதம் மறுசுழற்சி இருந்தாலே அந்தச் சான்றுக்குள்ள வந்துரலாம், சரக்கு மேல முத்திரை குத்தத்தான் 50 சதம் வேணும். கம்பெனி சுவத்துல மாட்டியிருக்கற சான்று அந்த மில்லுக்கு. உங்க லாட்டுக்கு டி.சி. (அந்தச் சரக்குக்கான டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்) தனியா கேளுங்க.

பாட்டில் ஷீட்டுலயும் மோசடி இருக்குது. தொட்டா வழுவழுன்னு இருக்கோணும்னு சிலிக்கான் போட்ட தலகாணி பைபரைக் கலந்துருவாங்க. சிலிக்கான் மேல லோ மெல்ட் ஒட்டாது. நாலு துவைப்புல ஷீட் ஏடு ஏடாப் பிரியும். ஓரத்துல ரெண்டு வெரலால மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க, ஈஸியாப் பிரிஞ்சா வேண்டாம். வாங்கறப்ப சிலிக்கான் இல்லாத பைபர், லோ மெல்ட் 15-ல இருந்து 20 சதம்னு எழுதியே வாங்குங்க. மஞ்சளடிச்சிருந்தா பாட்டிலோட பி.வி.சி. சேந்திருக்கலாம், இல்ல பிளேக்கை (பாட்டில் நறுக்கு) உருக்கறதுக்கு முந்தி சரியாக் காய வெச்சிருக்க மாட்டாங்க. அந்த பைபர் சீக்கிரம் பொடியும்.

ஊசிமுனை:
இதுவே நல்ல பதில். ஆனா சென்னிமலைத் துணிக்குப் பாலி வெச்சா இன்னொரு வம்பு. முரட்டு நூல், நெசவு நெருக்கமில்ல. பாலி இழை அந்தச் சந்துல மொளைச்சு வெளிய தாடியாட்ட நிக்கும். பருத்தி இழையும் வரும், ஆனா வந்தது ஒடிஞ்சு துவைக்கறப்பப் போயிரும். பாலி ஒடியாது, மேலயே உருண்டுக்கும். பாலிதான்னு முடிவு பண்ணா துணிக்கும் ஷீட்டுக்கும் நடுவுல 20 ஜி.எஸ்.எம். நான்-ஓவன் (நெய்யாத மெல்லிசுத் துணி) ஒரு பக்கத்துக்கு ஒண்ணு வெச்சு அடிங்க. ஊசி 14 போதும், மொனை மழுங்கறதுக்கு முந்தி மாத்துங்க. மழுங்குன ஊசிதான் இழையைக் கையைப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வருது.

மார்கழிப் போர்வை:
அடிப்பக்கம் வெள்ளைத் துணிங்களே. கலர் கிளிப் ஷீட் வெச்சா நிழலாடாதுங்களா?

ஊசிமுனை:
ஆடும். கலப்புக் கலர் ஷீட் சாம்பல் நெறத்துல இருக்கும், வெள்ளைத் துணி அழுக்காட்டத் தெரியும். வெள்ளைக் கிளிப் ஷீட் கேளுங்க, வெலை எச்சு. இல்லாட்டி அடித்துணியையே அடர் கலருக்கு மாத்துங்க. கருப்பு, செவப்புக் கிளிப் இருந்தா ஈர வெள்ளைத் துணியை வெச்சு அழுத்திப் பாருங்க, சாயம் எறங்குனா வேண்டவே வேண்டாம்.

சுருக்கத்தை முதல்ல அளந்துக்கங்க. 50-க்கு 50 செ.மீ.ல மூணு அடுக்கையும் சேத்து அடிச்சு, துவைச்சு, காய வெச்சு அளங்க. 48 நின்னா 4 சதம், 90 இஞ்ச் ரஜாய் 86 சில்லறை ஆயிரும். அந்த அளவுக்கு எச்சா வெட்டோணும். ஷீட்டைத் தனியா நனைக்காதீங்க, பிஞ்சுரும்.

வெள்ளகோவில் ஓ.இ.:
எங்க விக்கப் போறீங்கன்னே இன்னும் சொல்லல. ஈரோடு, கோயமுத்தூருக்கு 200 ஜி.எஸ்.எம். எதுக்கு? ஏ.சி. ரூமுக்கே 100, 120 போதும். ஊட்டி, வால்பாறைக்குன்னா 200-க்குக் கீழ போகாதீங்க. அங்க வெயில் கம்மி, பருத்தி காயாது. பாலி எடுங்க.

மார்கழிப் போர்வை:
பாதி ஊட்டி லாட்ஜுக்கு, பாதி கோயமுத்தூர்க் கடைக்குங்க. ஊட்டிக்கு 20 உருப்படி பாலி, 200 ஜி.எஸ்.எம்., நான்-ஓவன் ரெண்டு பக்கமும். கடைக்கு 20 வெள்ளைக் கிளிப், 120 ஜி.எஸ்.எம்., 3 இஞ்ச் கட்டம். தராசும் காந்தமும் எடுத்துட்டுத்தான் ரோல் பாக்கப் போறது.

கரூர் மேட்அப்ஸ்:
லாட்ஜுக்காரங்க கிட்ட மறக்காம சொல்லிருங்க, இஸ்திரி போடக்கூடாதுன்னு. ஊசிமுனை சொன்னதை இந்த ஒண்ணுக்கு மட்டும் ஒத்துக்கறேன்.